மரம் சாகவில்லையே!

காலாப்பட்டில் எம் இல்லத்திற்கு வந்திருந்த தம்பி மகன், நாட்டு மருந்துக் கடையில் உடல் வலிவுக்கென வாங்கிய மதனகாமப்பூவைக் காட்டி, "அத்தை, இதற்காக மரத்தை வெட்டுவதில்லை. பறித்த பின்னும் மரம் உயிரோடுதான் நிற்கிறது. இதில் ஹிம்சை எங்கே?" என வினவினான். எளிதில் தள்ளிவிடத்தக்க வினா அன்று அது.

மதனகாமப்பூ என்பது பூவே அன்று. சைகஸ் என்னும் தாவர இனத்து ஆண்மரத்தின் கூம்பு. தோற்றத்தால் சிறு பனையை ஒக்கும். ஆயினும் பனைக்கு உறவன்று. பூக்கும் தாவரங்கள் தோன்றுமுன்பே உலகில் நிலைபெற்ற தொல்குடி இது. இக்குடியைச் சார்ந்த சைகஸ் பெடோமி, ஆந்திரத்துச் சேஷாசல மலைப் பகுதியின் வறண்ட, திறந்த காடுகளுக்கே உரியது. காட்டுத்தீயில் ஓலை கருகினும் மீண்டும் தளிர்க்கும். தீக்கும் தப்பிய இம்மரம் மனிதர் கைக்குத் தப்பவில்லை. இதில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. மகரந்தம் உதிருமுன் கூம்புகளையெல்லாம் கொய்துவிட்டால், ஆண்மரம் சாவதில்லை. ஆனால் பெண்மரத்தில் முளைக்கும் விதை உண்டாவதில்லை. அருகிவரும் இம்மரத்தைச் சைட்ஸ் என்னும் பன்னாட்டு வணிக உடன்படிக்கை தன் முதற் பட்டியலில் வைத்துக் காக்கிறது.

துணையற்ற மரத்தின் நிலை யாது? 1895-இல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் ஜான் மெட்லி வுட் என்பார் இதன் தூரத்து உறவான ஓர் ஆண்மரத்தைக் கண்டார். அதன் பக்கக் கன்றுகள் இன்று உலகத் தோட்டங்கள் பலவற்றில் வளர்கின்றன. அனைத்தும் ஆண். பெண்மரம் இன்றுவரை கிட்டவில்லை. உயிரோடு நிற்கிறது, வழித்தோன்றல் இல்லை.

இல்லறத்தார் ஓரறிவுயிர்க்கு ஊறு செய்வதை முற்றும் தவிர்த்தல் இயலாது. அதனாலன்றோ அணுவிரதம் வகுக்கப்பட்டது? ஆயினும் அசட்டையினால் உயிர்க்கு இழைக்கும் ஊறே ஹிம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் கூறுகிறது. இலேசியைகளை விளக்கும் நாவல்மரக் கதையை நாம் அறிவோம். பசித்த அறுவருள் ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்க நினைத்தான். இறுதியானவன் உதிர்ந்த கனியே போதும் என்றான். பசி அறுவர்க்கும் ஒன்றே. வேறுபட்டது எண்ணம்.

நோயுற்றோர் மருந்து நாடுதல் குற்றமன்று. வயிற்றுப்பாட்டிற்காக மலையேறிப் பறிப்பவரை மட்டும் பழித்தலும் முறையன்று. வாங்குவோர் இருப்பதாலன்றோ அவர் பறிக்கிறார்? மகரந்தம் உதிர்ந்தபின் கொய்யப்பட்டதா, இது இன்றி நமக்கு இயலாதா என ஒருமுறையேனும் கேளாது வாங்கும் நம் கையிலேயே அசட்டை தொடங்குகிறது.

"மரம் செத்ததா என்று மட்டும் கேளாதே, அதன் வழி அற்றதா என்றும் கேள்" என்றேன். அவன் விடை கூறவில்லை. சாமாயிகத்தில் எல்லா உயிரிடத்தும் பொறுத்தருள வேண்டும் நாம், அவ்வினாவையும் அங்கே எழுப்பிக்கொள்வோமாக.