துணைப் பயிற்சியாளராகவே இருந்துவிட்டால் என்ன?

அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை உண்டு. தமிழர்கள் நிறைந்த அந்தத் தெருக்களில் அப்பா ஆடிய கால்பந்தை மகனும் ஆடுகிறான். கோல் அடித்தவருக்குச் சிலை வைப்பது நியாயந்தான். என் மனசில் நெடுநாளாக இருப்பவர்கள் வேறு ஆட்கள்: தலைமைப் பயிற்சியாளருக்கு அடுத்த நாற்காலியில் உட்காரும் துணைப் பயிற்சியாளர்கள். வேலைக்காலம் முழுவதும் அந்த இரண்டாம் இடத்திலேயே கழிந்துபோனால், அது குறைபட்ட வாழ்க்கையா?

பெங்களூரு எஃப்சி அணியில் நடந்ததைப் பாருங்கள். ஸ்பெயின்காரர் கார்லஸ் குவாட்ராட் 2016இல் ஆல்பர்ட் ரோகாவின் துணையாளராக இங்கே வந்தார். 2018இல் ரோகா விலகியதும் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. முதல் சீசனிலேயே, 2019 மார்ச்சில், எஃப்சி கோவாவைக் கூடுதல் நேரத்தில் 1-0 என்று வென்று இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையைக் கொண்டுவந்தார். கோப்பை வந்து இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை; 2021 ஜனவரியில் வரிசையாக மூன்று ஆட்டங்கள் தோற்றதும் வேலை போயிற்று. இடைக்காலப் பொறுப்பு அவருடைய துணையாளர் நௌஷாத் மூசாவிடம் வந்தது.

அதே மாதம் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியிலும் இதேதான். ஜெரார்டு நுஸ் போக, துணையாளர் காலித் ஜமீல் பொறுப்பேற்றார். லீக் சுற்றில் மிச்சமிருந்த எந்த ஆட்டத்திலும் தோற்காமல் அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அக்டோபரில் வேலை நிரந்தரமாயிற்று. ஐஎஸ்எல் கிளப் ஒன்றில் அப்படி நியமனம் பெற்ற முதல் இந்தியர் அவர். 2025இல் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளர். மூசாவுக்கு அன்று அப்படி அமையவில்லை. பெங்களூரு ஏழாம் இடத்தில் முடித்தது. பிப்ரவரியிலேயே ஜெர்மனியின் மார்கோ பெட்சையுவோலியை அறிவித்துவிட்டார்கள். மூசா பழைய இடத்துக்குத் திரும்பினார்.

ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார் என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை.

பெங்களூருவின் ரிசர்வ் அணியை வளர்த்தவர் மூசா. ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக் 2022இல் தொடங்கியபோது முதல் கோப்பை அவருடைய பையன்களுக்குத்தான். அங்கே கோல் அடித்துப் பெயர் வாங்கியவர்களில் ஒருவர் சிவசக்தி நாராயணன், காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூர்க்காரர். அந்த வருஷமே செப்டம்பரில், டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோல் சிவசக்தியுடையது. பெங்களூரு 2-1 என்று வென்றது. அன்றைய தலைமைப் பயிற்சியாளர் சைமன் கிரேசன். கோப்பையோடு சேர்த்துப் பேசப்பட்ட பெயரும் அவருடையதே. அந்தக் கோலுக்குப் பின்னால் ரிசர்வ் மைதானத்தில் கழிந்த காலைப்பொழுதுகள் எந்த ஸ்கோர் அட்டையிலும் ஏறவில்லை.

துணையாளரின் வேலை எனக்குப் பெரிதாகத் தெரிவது ஆட்டம் இல்லாத நாட்களில். எதிரணியின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கார்னர் கிக்குக்கு யார் எங்கே நிற்பது என்று ஆட்களை நிறுத்திப் பழக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினம், பதினோரு பேரில் பெயர் வராத பையனிடம் பேசுவது. பட்டியலை அறிவிப்பவர் தலைமைப் பயிற்சியாளர். விடுபட்டவனை மறுநாள் காலை அதே உற்சாகத்தோடு மைதானத்துக்கு வரவழைக்க வேண்டியவர் துணையாளர். இதற்கென்றே ஒரு சுபாவம் வேண்டும். தலைமைப் பதவிக்கு வருகிற எல்லாரிடமும் அது இருப்பதில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் இதற்கு மதிப்பு உண்டு. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் டான்டே ஸ்கார்னெக்கியா முப்பது வருஷத்துக்கும் மேல் துணையாளராகவே வேலை பார்த்தார். முன்வரிசைத் தடுப்பாளர்களைத் தயார்செய்வதில் மன்னர். 2013 சீசனோடு ஓய்வுபெற்றவரை 2016இல் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த சீசனின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில் வெற்றி அவர்களுக்கே.

நம் பெங்களூரு ஐ.டி. அலுவலகங்களில் நடப்பது வேறு. அருமையாக புரோகிராம் எழுதுகிறவரை மேனேஜர் ஆக்கிவிடுகிறோம். அதன்பிறகு அவர் நாள் முழுக்க மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறார். மறுத்தவரை உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் விடுவதில்லை: "இன்னும் மேனேஜர் ஆகலையாப்பா?" தன் கைக்கு வந்த வேலையை விட்டு வர மாட்டேன் என்பதும் ஒரு முடிவுதான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவை. முதலிடம் வேண்டாம் என்று இருப்பது ஒன்று. வேண்டும் என்பவருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது வேறு. வெளிநாட்டுக்காரர்தான் தலைமைக்கு வர வேண்டும் என்று இந்திய கிளப்புகள் நெடுங்காலம் நினைத்தது அநியாயம். மூசாவும் 2025இல் இந்திய 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். எனக்கு அதில் மகிழ்ச்சி. ஆகாமல் போயிருந்தாலும் அவருடைய பெங்களூரு வருஷங்களின் மதிப்பு இம்மியும் குறைந்திருக்காது.

துணையாளருக்குக் குறைவது வேலைப் பாதுகாப்புதான். 2023 டிசம்பரில் கிரேசன் போனபோது துணையாளர் நீல் மெக்டொனால்டும் கூடவே போனார்; ரெனடி சிங் இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டார். பல இடங்களில் இதுதான் வழக்கம். நம் கிளப்புகளுக்கு ஒரு வேண்டுகோள்: தலைமைப் பயிற்சியாளரை மாற்றுவது உங்கள் உரிமை. துணையாளருக்கு அதோடு முடிச்சுப் போடாமல், தனியாக நான்கைந்து வருஷ ஒப்பந்தம் கொடுங்கள்.