முதியோரில்லம் புகுங்காலம் எது?

முதியோரில்லம் புகுதற்குரிய காலம் யாது? தள்ளாமை வந்தபின் என்பர் பலர். அது பொருந்தாது. நினைவும் நடையும் தளர்ந்தபின் ஒருவர் புகுவதில்லை; பிறரால் புகுத்தப்படுகின்றார். புதிய இடத்தைப் பழகவும், அயலாரை நட்பாக்கவும், உடைமையைத் தாமே பங்கிடவும் வலியுள்ள காலமே உரிய காலம். இல்லறத்தின்பின் வானப்பிரத்தத்தை வைத்த நம்முன்னோரும், ஒருவன் தானே துணிந்து செல்லுஞ் செலவாகவே அதனைக் கருதினர்.

இதனால் மக்கட்குப் பழி வாராதோ எனின், புறக்கணித்தலே பழி என்க. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம், தம்மைப் பேணவியலாப் பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணித்தலாகாதென விதிக்கின்றது. சட்டம் பொருளை வாங்கித்தரும், அன்பை வாங்கித்தராது. ஆதலின் பெற்றோர் தாமே தெரிந்து செல்க; மக்கள் தவறாது சென்று காண்க. இவ்விரண்டும் உறுதியான நாளே அதற்குரிய நன்னாளாம்.