சபையில் அறமுரைக்கும் உரிமை

அறத்தை உரைப்பதற்குரிய தகுதி யாது என்னும் வினா மிகப் பழமையானது. கற்றறிந்த அறிவு, அவ்வறிவின்வழி நிற்கும் ஒழுக்கம், கேட்போர்பால் கொண்ட கருணை ஆகிய மூன்றும் அமைந்தவரே அறமுரைக்கத் தக்கார் என்பதைச் சான்றோர் அனைவரும் ஒப்புவர். ஆயின் இம்மூன்றும் நிரம்பப் பெற்ற ஒருவர் பெண்ணாகப் பிறந்திருப்பின், அவரைச் சபையின் நடுவே எழுந்து பேசவொட்டாது தடுப்பது அறமாகுமா? கிறிஸ்தவ சபைகளில் பெண்கள் பிரசங்கம் செய்வதும் தலைமை ஏற்பதும் பற்றி நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வாதத்தை முன்னிட்டு இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பிற சமயத்தாரின் உள்வழக்கிற் புகுந்து தீர்ப்புக் கூறுவது நம் கருத்தன்று. அவர்தம் வினா நம்முடைய வினாவுமாதலின், அதனை அவரோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

கேரளத்தின் கீழ்த்திசை எல்லையை நோக்குவோம். பாலக்காட்டுக் கணவாய் கடந்தால் கோவைச் சீமை. இடுக்கி மலைகளினின்று இறங்கினால் போடியும் கம்பமும். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. தேயிலைத் தோட்டங்களில் உழைக்கத் தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறிய தமிழ் மக்கள் அம்மலைகளில் இன்றும் வாழ்கின்றனர். சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய பாலக்காட்டு எல்லையூர்களிலும் தமிழ் வழங்குகின்றது. இப்பகுதிகளில் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், சிரியன் மரபினர், பெந்தெகொஸ்தேயினர் எனக் கிறிஸ்தவர் பல பிரிவினராக அருகருகே வாழ்கின்றனர்.

ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இரு தமிழ்த் தாய்மாரை எண்ணிக்கொள்வோம். இருவரும் ஒரே மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவர். ஒரே மொழியில் இறைவனை வேண்டுபவர். முதல் தாய் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவராயின், அவர் மகள் இறையியல் பயின்று குருப்பட்டம் பெறச் சபை விதி இடந்தருகின்றது. 1947இல் தோன்றிய அத்திருச்சபையில் 1980களிலேயே பெண்கள் குருமாராக இருந்தனர். 2013 செப்டம்பரில் எக்கோணி புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் மறைமாவட்டத்தின் பேராயராகி, அத்திருச்சபையின் முதற் பெண் பேராயர் என்னும் சிறப்பைப் பெற்றார். இரண்டாம் தாய் கத்தோலிக்கராயின், அவர் மகள் கன்னியர் மடத்திற் சேரலாம்; பள்ளியோ மருத்துவமனையோ நடத்தலாம்; 2021இல் பாப்பரசர் பிரான்சிஸ் செய்த திருத்தத்தின்படி வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளையும் முறையாகப் பெறலாம்; குருவாக மட்டும் இயலாது. யாக்கோபாய, ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா சபைகளிலும் குருப்பட்டம் ஆண்களுக்கே உரியது. பெந்தெகொஸ்தே சபைகளிற் பெண்கள் எழுந்து சாட்சி கூறுவர், தீர்க்கதரிசனம் உரைப்பர். ஆயினும் போதகர் பதவி பெரும்பாலும் ஆண்களிடமே உள்ளது. இரு மகளிரின் அறிவிலும் பக்தியிலும் வேற்றுமை இல்லை. அவர் நுழையும் வாயிலே அவர் குரலின் எல்லையை வகுத்துவிடுகின்றது.

பெண்கள் உரைப்பது ஏதோ இக்காலப் புதுமை என்பார் தமிழ்நாட்டு வரலாற்றை அறியாதவர். தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமணக் கைம்பெண் ஒருவர் பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். லிட்டில்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியோடு அவர் மணமின்றி வாழ்ந்தமையால், அவருக்கு ஞானஸ்நானம் அளிக்க ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்தார். அவ்வதிகாரி இறந்தபின் 1778இல் அவர் கிளாரிந்தா என்னும் பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார். அவரைச் சுற்றி ஒரு சிறு சபை திரண்டது. 1780இல் எழுதப்பட்ட சபைப்பதிவேட்டில் உள்ள 40 பெயர்களுள் முதலாவது அவருடையதே. 1785இல் அவர் முயற்சியால் எழுந்த கோயிலை ஊரார் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே வழங்குவர். சபையைத் தொடங்கியவர் அவர். கோயில் எழுப்பியவர் அவர். அச்சபையின் பணியில் 1790இல் குருப்பட்டம் பெற்றவரோ சத்தியநாதன் என்னும் ஆடவர். கிளாரிந்தா அம்மையார் செய்த பணிக்குரிய பட்டப்பெயர் எதுவும் அக்காலத்திருச்சபையின் அகராதியில் இல்லை.

அடுத்த நூற்றாண்டில் வேதாகமப் பெண்கள் என்போர் தோன்றினர். உயர்குடி வீடுகளின் உட்கட்டில் அயல் ஆடவர் புகுதல் இயலாதிருந்தமையால், அங்குச் சென்று எழுத்துக் கற்பிக்கவும் வேதம் உரைக்கவும் பெண்களையே மிஷன் சங்கங்கள் அமர்த்தின. 1890களின் இறுதியில் ஆமி கார்மைக்கேல் அம்மையாரோடு தமிழ்ப் பெண்கள் சிலர் குழுவாகத் திருநெல்வேலிச் சீமையின் ஊர்தோறும் சென்று உபதேசித்தனர். வெயிலில் நடந்து, ஏச்சுப் பேச்சுக் கேட்டு, திண்ணையிலும் தெருவிலும் நின்று அவர்கள் உரைத்தது பிரசங்கமன்றி வேறென்ன? எனினும் ஞாயிற்றுக்கிழமையில் கோயிலினுள் பீடமேறிப் பேசும் உரிமை அவர்களுக்கு இல்லை. தெருவிற் பேசுதற்குத் தக்க வாய், கூரையின்கீழ் வந்தவுடன் தகாததாயிற்று!

இதனினும் தெளிவான சான்று கிழக்காசியாவில் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது மக்காவிலிருந்த ஆங்கிலிக்கன் சபைக்குக் குருவானவர் எவரும் செல்ல இயலவில்லை. ஆங்குத் தொண்டாற்றிய லீ டிம் ஓய் என்னும் சீனப் பெண்மணிக்குப் பேராயர் ஹால் 1944இல் குருப்பட்டம் அளித்தார். போர் முடிந்தது, எதிர்ப்பு எழுந்தது. 1946இல் அவ்வம்மையார் குருப்பணி புரியும் உரிமத்தைத் திருப்பியளிக்க நேர்ந்தது. 1971இல் ஹாங்காங் மறைமாவட்டம் இரு பெண்களுக்குக் குருப்பட்டம் அளித்த காலத்தேதான் அவருடைய பட்டமும் மீண்டும் ஏற்கப்பெற்றது.

இவற்றினின்று நாம் உணரத்தக்கது ஒன்றுண்டு. பெண்களால் இயலாது என்று எச்சபையும் உண்மையாக நம்பியதில்லை. நம்பியிருப்பின் உட்கட்டுக்கும் தெருவுக்கும் போர்க்களத்துக்கும் அவர்களை அனுப்பியிராது. ஆடவர் செல்லவியலாத இடத்திற்குச் செல்க என்று பணித்து, ஆடவர் வந்தவுடன் விலகுக என்று கூறியதே வரலாறு. தேவை கருதித் தரப்பட்ட இடம் தேவை தீர்ந்தவுடன் பறிக்கப்படும். தகுதி கருதித் தரப்பட்ட இடமே நிலைக்கும். தகுதி உண்டென்று தம் செயலால் ஒப்புக்கொண்ட பின்னர், அதனைச் சொல்லால் மறுப்பது வாய்மைக்கு மாறானது.

மறுப்போர் கூறுவனவற்றையும் நேர்மையுடன் கேட்டல் நம் கடன்.

முதலாவது, சபையில் பெண்கள் பேசாதிருக்கவேண்டும் என்று அப்போஸ்தலராகிய பவுல் தம் நிருபத்தில் எழுதியுள்ளார் என்பர். உண்மையே. ஆனால் அதே நிருபத்தின் முற்பகுதியில், ஜெபிக்கும் பெண்ணும் தீர்க்கதரிசனம் உரைக்கும் பெண்ணும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் அவர் எழுதுகின்றார். பேசவே கூடாதாயின், பேசும்போது தலையை மூடுக என்னும் விதி எதற்கு? பெபேயாள் என்னும் சபை ஊழியக்காரியை அவர் ரோமருக்கு மதிப்போடு அறிமுகம் செய்கின்றார். கற்றறிந்த அப்பொல்லோவுக்கு மார்க்கத்தைத் திருத்தமாக விளக்கியோருள் பிரிஸ்கில்லாள் என்னும் பெண்மணியும் ஒருவர். ஒரு வரியைப் பற்றிக்கொண்டு மற்ற வரிகளை விடுதல் நூலுக்குச் செய்யும் நீதியாகாது.

இரண்டாவது, இயேசுநாதர் தெரிந்தெடுத்த பன்னிருவரும் ஆடவர். அவர் செய்ததை மாற்ற எமக்கு அதிகாரமில்லை என்பர். 1976லும் 1994லும் வத்திக்கான் வெளியிட்ட ஆவணங்களின் சாரம் இது. பெண்கள் தாழ்ந்தவர் என்னாது, எமக்கு அதிகாரமில்லை என்று கூறும் இவ்வாதத்தில் ஒரு பணிவுண்டு. அதனை நாம் மதிக்கின்றோம். ஆயினும் பன்னிருவரும் யூதராகவும் இருந்தனர். குருவானவர் யூதராதல் வேண்டும் என்று எவரும் விதித்திலர். அன்றியும் உயிர்த்தெழுந்த செய்தியை முதன்முதல் அறிவிக்கும் பொறுப்பு மகதலேனா மரியாளிடமே தரப்பட்டது. அப்போஸ்தலர்க்கு அப்போஸ்தலர் என்று மரபு அவரைப் போற்றும். 2016இல் அவர் நினைவுநாளைத் திருவிழாவாக உயர்த்தியதும் வத்திக்கானே. முதற்செய்தியை உரைக்கத் தக்கவராக ஒரு பெண்ணைக் கண்டவர், பின்னர் வரும் பெண்களின் வாயை அடைக்க விரும்பியிருப்பாரா?

மூன்றாவது, இதனால் சபை பிளவுறும், குடும்பம் சிதையும் என்பர். கேரளம் இவ்வச்சத்தை முன்பே கண்டுள்ளது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் மகனது பங்கில் நாலிலொன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதனையே மகளுக்கு வகுத்திருந்தது. மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1986இல் மகளிர்க்குச் சமபங்கு உண்டென்று தீர்ப்பளித்தது. குடும்பங்கள் சிதையுமென்று அன்றும் பலர் அஞ்சினர். குடும்பங்கள் நிலைத்தே நிற்கின்றன. உரிமையை மறுத்துப் பெறும் அமைதி, மறுக்கப்பட்டோரின் பொறுமையால் மட்டுமே நிற்கும் அமைதி என்பதை உணரவேண்டும்.

நிற்க. அயல்வீட்டைப் பேசும் நாம் நம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். மகாபிரஜாபதி கோதமியார் துறவு வேண்டி நின்றபோது, பெண்களும் மார்க்கத்தின் முடிந்த பயனை அடைய வல்லவரோ என்று ஆனந்தர் வினவினார். வல்லவரே என்று புத்தர்பெருமான் அருளினார். தகுதி பற்றிய வினாவிற்கு அதுவே விடை. ஆயினும் நூறாண்டு துறவு நிறைந்த பிக்குணியும், இன்று துறவேற்ற பிக்குவை வணங்கல் வேண்டும் என்பது முதலாய எட்டு விதிகளும் நம் வினயத்தில் உள்ளன. சங்கமித்தை இலங்கையில் நாட்டிய பிக்குணி சங்கம் பதினோராம் நூற்றாண்டளவில் மறைந்தது. சயாம் நாட்டில் பெண்களுக்குத் துறவு அளிக்கலாகாது என்று 1928இல் தடை பிறந்தது. 1996இல் சாரநாத்திலும் 1998இல் புத்தகயையிலும் இலங்கைப் பெண்கள் மீண்டும் உபசம்பதை பெற்றனர். தேரவாதத் துறவியர் பலர் அதனை இன்னும் ஒப்பவில்லை. கன்னியர் குருவாகலாமா என்று கிறிஸ்தவரை வினவுமுன் இவற்றையும் நாம் நினைவிற்கொள்ளல் தகும்.

நமக்கு வழிகாட்டும் சான்றுகளும் நம் நூல்களிலேயே உண்டு. தம்மதின்னா என்னும் பிக்குணியிடம், இல்லறத்தில் அவர் கணவராயிருந்த விசாகர் நுண்ணிய வினாக்கள் பலவற்றைக் கேட்டார். அவர் அளித்த விடைகளைச் செவியுற்ற பெருமான், தம்மைக் கேட்டிருப்பினும் அவ்வாறே விடையளித்திருப்போம் என்றார். உரைத்தவர் யார் என்பதை விடுத்து உரைத்தது யாது என்பதை அளந்த அளவுகோல் அது. தமிழில் மணிமேகலைக் காப்பியமும் ஓர் உண்மையைக் காட்டுகின்றது. சேரர் தலைநகராகிய வஞ்சியில் சமயவாதியர் பலரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கச் சென்ற மணிமேகலை, இளம்பெண்ணென்று கருதி அவர்கள் உரையார் என்பதனால் ஆண்துறவி வடிவில் சென்றாள். இறுதியில் தவம் பூண்டு நோற்றதோ பெண்ணாகவே. கேட்பதற்கே வேற்றுருக் கொள்ள வேண்டியிருந்த நிலை அன்றைய வஞ்சியின் குறையேயன்றி, அவளது குறையன்று.

இனி, பட்டம் மட்டும் கிடைத்தால் போதுமா என்பதையும் எண்ணவேண்டும். மூணாற்று மலைகள் இதற்கொரு பாடம் தந்தன. 2015 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளப் பெண்கள், குறைக்கப்பட்ட போனஸை 20 விழுக்காடாகத் தருமாறும், 232 ரூபாயாயிருந்த நாட்கூலியை 500 ரூபாயாக உயர்த்துமாறும் கோரி, ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். பெம்பிளை ஒருமை என்பது அவர்கள் தமக்கு இட்ட பெயர். தொழிற்சங்கங்களில் அவர்கள் பல்லாண்டுகளாக உறுப்பினராயிருந்தனர், சந்தா செலுத்தினர், ஊர்வலம் சென்றனர். ஆயினும் அவர்கள் பெயரால் பேசியவர் ஆடவரே. ஆதலின் அத்தலைவர்களை விலக்கி, தம் குறையைத் தாமே உரைத்தனர். போனஸ் கோரிக்கையில் வெற்றி கண்டனர். கூலி கேட்ட அளவிற்கு உயரவில்லை. உறுப்பினராயிருத்தல் வேறு, உரைப்பவராயிருத்தல் வேறு என்பதை அம்மகளிர் நாடறியக் காட்டினர்.

சபைகளுக்கும் இஃது ஒக்கும். ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்து, அவரை ஓய்வுநாள் பள்ளிக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்திற்கும் மட்டும் பொறுப்பாக்கினால், பழைய உட்கட்டே புதுப்பெயரில் நிற்கின்றது எனலாம். அவருக்குச் சபையொன்று தனியே தரப்படுகின்றதா? ஆடவருக்குரிய ஊதியமும் உறையுளும் அவருக்கும் உண்டா? நிதியும் நிலமும் பற்றி முடிவு செய்யும் மன்றத்தில் அவர் சொல் ஏறுகின்றதா? பேராயர் ஒருவர் பெண்ணாயிருத்தலைக் கொண்டாடும் சபை, மலையுச்சியிலுள்ள தன் சிற்றாலயத்தில் ஒரு பெண் திருவிருந்து பரிமாறுதலையும் அவ்வாறே இயல்பாகக் கொள்ளும் நாளில்தான் அப்பட்டம் முழுமை பெறும்.

விளக்கின் ஒளியை நாடுவோர், அதனை ஏற்றிய கை ஆணினதா பெண்ணினதா என்று வினவார். கிறிஸ்தவ அன்பர்கள் தம் வேதத்தினுள் நின்றே இவ்வினாவிற்கு விடை காண்பாராக. நம் விகாரைகளிலும் சங்கக்கூட்டங்களிலும் அறமுரைப்போர் வரிசையில் பெண்கள் எத்தனை பேர் அமர்ந்துள்ளனர் என்பதை, அடுத்த பௌர்ணமியன்றே நாமும் எண்ணிப் பார்ப்போமாக.