உரையெழுதும் கடமை

தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றை உரையின் துணையின்றிப் படிக்க முயலும் மாணவனை எண்ணிப் பாருங்கள். நூல் அவன் கையில் உள்ளது. எவரும் அதனைப் பூட்டிவைக்கவில்லை. படிக்காதே என்று தடுக்கவுமில்லை. ஆயினும் அந்நூல் அவனுக்கு உரியதாகிவிட்டது என்று கூறமுடியுமா? இளம்பூரணரும் சேனாவரையரும் இல்லாதிருப்பின் எம்மிற் பெரும்பாலாருக்கு அது எட்டாத பொருளாகவே இருந்திருக்கும். எல்லோருக்கும் என அளிக்கப்பட்ட ஒன்று, விளங்காத நிலையிலும் எல்லோருக்கும் உரியதுதானா என்னும் வினா எமக்குப் புதியதன்று. கணினித் துறையில் அது மீண்டும் எழுந்துள்ளது. இம்முறை அதற்கு விடைகூற வேண்டியவர்கள் புலவர்கள் மட்டுமல்லர்.

செய்நிரலின் மூலவரிகளை எவரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்படுவதே திறந்த மூல மென்பொருள். இவ்வுரிமைகளுக்கான இயக்கம், 1983 இல் அமெரிக்கரான றிச்சர்ட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்ததோடு உருப்பெற்றது எனலாம். அவரே பின்னர், இயக்கத்தின் பெருங்குறை செய்நிரல்களில் இல்லை, தடையின்றிப் பகிரத்தக்க நல்ல கைந்நூல்கள் இல்லாமையே குறை என்று எழுதினார். 2000 ஆம் ஆண்டளவில் கைந்நூல்களுக்கென்றே தனி உரிமம் ஒன்றும் வெளிவந்தது. உரிமம் வந்துவிட்டது, எழுதுவோர் வரவேண்டுமே!

இவ்விடத்தில் நம்பை என்னும் மென்பொருள் நூலகத்தின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடைத்து. மென்பொருள் நூலகம் என்பது, ஒவ்வொருவரும் புதிதாக எழுதவேண்டிய அவசியமின்றி எடுத்தாளத்தக்க ஆயத்தச் சார்புகளின் தொகுதி. பைதன் மொழியிற் பெரும் எண் அணிகளைக் கையாள்வதற்கு நம்பை உதவுகின்றது. 2019 இல் வெளியிடப்பட்ட கருந்துளையின் முதற் படத்தை உருவாக்கிய கணிப்புகளிலும் அதற்குப் பங்குண்டு. இரண்டாகப் பிரிந்து நின்ற முன்னைய நூலகங்களை ஒன்றாக்கி, 2006 இல் இதன் முதற் பதிப்பை வெளிக்கொணர்ந்தவர் ட்ரவிஸ் ஒலிபன்ட் என்னும் இளம் பல்கலைக்கழக ஆசிரியர். மென்பொருளை அவர் உலகுக்கு விலையின்றி அளித்தார். ஆனால், அதனை விளக்கும் கைந்நூலை விலைக்கு விற்றார்.

கிணற்றைப் பொதுவாக்கிவிட்டுக் கயிற்றையும் வாளியையும் விலைக்கு விற்பது போன்றதன்றோ இது என்று எமது வாசகர்கள் உடனே கேட்பர். நானும் அவ்வாறே கேட்டேன். ஆயின் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறுவதற்கில்லை. கிணறு வெட்டியவனும் உண்ண வேண்டும். அக்காலப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பிருந்தது. மென்பொருள் எழுதுவதற்கு அத்துணை மதிப்பிருக்கவில்லை. அவர் விற்றது பேராசையாலன்று, உழைப்பைத் தாங்க வேறு வழியின்மையாலேயே என்பது என் கருத்து. 2008 இல் அந்நூலையும் அவர் பொதுவில் விட்டுவிட்டார். எனினும் இடைப்பட்ட காலத்தில் வழங்கிய நியதியை மறைப்பதற்கில்லை: பொருள் எல்லோருக்கும், விளக்கம் பணமுள்ளோர்க்கு.

அவ்வாண்டிலேதான் இன்னொரு முயற்சியும் தொடங்கிற்று. புளோறிடாவில் வானியல் கற்பித்த ஜோ ஹரிங்டன் என்னும் பேராசிரியர், தம் மாணவர்க்கு நம்பையைக் கொண்டு பாடம் நடத்தியிருந்தார். சார்புகள் இருந்தன, பலவற்றுக்கு விளக்கம் இருக்கவில்லை. மாணவர்கள் திண்டாடினர். நிரல் எழுதியவர்களைக் குறைகூறிக்கொண்டிருப்பதை விடுத்து, பயன்படுத்துவோரே ஒன்றுகூடி விளக்கம் எழுதவேண்டும் என அவர் அழைப்பு விடுத்தார். நிரலின் உள்ளேயே ஒவ்வொரு சார்பின் அருகிலும் அமையும் விளக்கக் குறிப்புகளை, நிரலாக்கத்தில் வல்லவரல்லாத ஒருவரும் இணையத்தினூடாகத் திருத்தக்கூடிய மேடையொன்று அமைக்கப்பட்டது. சார்பின் நோக்கம், அதற்குக் கொடுக்கவேண்டியவை, அது திருப்பித் தருவது, எடுத்துக்காட்டு என்றொரு பொது அமைப்பும் வகுக்கப்பட்டது. எழுதியதை மற்றொருவர் பரிசீலித்த பின்னரே அது ஏற்கப்படும். ஆயிரஞ் சொற்களுக்கு மேல் எழுதியோருக்கு ஒரு மேற்சட்டை பரிசு! அம்மேடை பின்னாளிற் கைவிடப்பட்டது, விளக்கங்கள் நிலைத்தன.

பலர் கூடி எழுதினாற் குழப்பமே மிஞ்சும் என்போர் இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். இது தானாக நிகழ்ந்த கூட்டெழுச்சியன்று. தென்னாபிரிக்கரான ஸ்டெபான் வான் டெர் வால்ட் என்னும் இளம் ஆய்வாளரை ஊதியத்தோடு அமர்த்தி, பணியை ஒருங்கிணைக்கச் செய்தார் ஹரிங்டன். கூட்டுழைப்பின் நடுவே கூலியுள்ள ஓர் உழைப்பும் இருந்தது. 'சமூகம் செய்தது' என்று பொதுப்படப் புகழ்வோர் இதனைச் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

விளக்கம் எழுதத் தகுதியுடையவர் யார்? ஆக்கியவரே என்பது முதலில் தோன்றும் விடை. ஆனால் அவருக்கு ஒரு குறையுண்டு; அறியாதிருந்த நிலையை அவர் மறந்துவிட்டார். எந்தப் படியில் கால் இடறும் என்பது நேற்று இடறியவனுக்கே தெரியும். அவனும் நாளை மறந்துவிடுவான். ஆகவே கற்றுக்கொண்டிருப்பவனிடத்திலே, சில நாட்களுக்கு மட்டும், வேறெவரிடத்திலும் இல்லாத ஓர் அறிவு தங்குகின்றது. அதனை எழுதிவைப்பது கருணையன்று, கடன் என்பேன். முன்னொருவன் எழுதியதாலேயே அவன் அந்தப் படிவரை வந்து சேர்ந்தான்.

எமது உயர்தர வகுப்பிலும் தகவல் தொழினுட்பப் பாடத்திற் பைதன் உண்டு. அண்மையில் என் மாணவன் ஒருவன், அணிகளிரண்டு கூட்டப்பட மறுத்த காரணத்தை இரு மாலைகள் போராடிக் கண்டுபிடித்தான். "அதை நாலு வரியில் எழுதி அனுப்பு" என்றேன். "நான் ஆர் சேர், எழுதுறதுக்கு?" என்றான். இதனைப் பணிவென்று பாராட்ட என் மனம் ஒப்பவில்லை. அறிவு மேலிருந்து கீழே இறங்குவது, கீழிருப்பவன் ஏந்திக்கொள்ள வேண்டியவன் என்று பாடசாலையில் நாமே பழக்கிவிட்ட பழக்கம் அது.

கிட்ஹப் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பதிலளித்தோரில் நூற்றுக்கு 93 பேர் விளக்க ஆவணங்கள் குறைவுபட்டோ காலங்கடந்தோ இருப்பதைப் பரவலான குறையாகக் கண்டனர். ஆயினும் பங்களிப்போரில் நூற்றுக்கு 60 பேர், ஆவணம் எழுதுவது அரிது அல்லது இல்லவே இல்லை என்றனர். ஆக்குவது மேலான தொழில், விளக்குவது கீழான தொழில் என்னும் பாகுபாடே இதற்குக் காரணம். ஆசிரியத் தொழிலை ஆய்வுக்குக் கீழாக வைக்கும் மனப்பான்மைக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம்.

தோழர் ஒருவர் வேறொரு தடையை எழுப்பினார்: "பெருங் கம்பனிகள் இந்நூலகங்களாற் கோடி கோடியாய் ஈட்டுகின்றன. மாணவனைக் கூலியின்றி எழுதச் சொல்கிறீரே, இதுவும் சுரண்டலன்றோ?" வலுவான கேள்வி. ஈட்டுவோர் கொடுக்கவேண்டும் என்பதில் எனக்கு இருமனமில்லை. ஆனால் விளக்கம் எழுதாது விடுவதால் முதலில் நட்டப்படுவது கம்பனியன்று. அதனிடம் மூலவரிகளையே படித்தறியும் பொறியியலாளர் உளர். நட்டப்படுபவன், கேட்பதற்கு ஆளில்லாத ஊரில் இருந்து படிப்பவன். வேலைநிறுத்தம் முதலாளியைத் தாக்கவேண்டும். இதுவோ அடுத்த மாணவனைத் தாக்குகின்றது.

இனி இயந்திரமே விளக்கம் எழுதும் என்கின்றனர். எழுதுகிறதுதான். ஒரு சார்பு என்ன செய்கின்றது என்பதை நிரலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அது ஏன் அவ்வாறு அமைந்தது, எங்கே ஏமாற்றும் என்பவற்றைப் பெரும்பாலும் எவரோ ஒருவர் பட்டுணர்ந்து எழுதிவைத்திருக்கவேண்டும். இயந்திரம் கற்றதும் அத்தகையோர் எழுதியவற்றிலிருந்தே.

என் மாணவன் ஈற்றில் எழுதினான். முதலில் தமிழில், பின் அகராதியோடு மல்லுக்கட்டி ஆங்கிலத்தில், நான்கு வரிகள். ஒரு வாரங் கழித்து, முன்பின் அறியாத ஒருவர் மூன்றாவது வரியிற் பிழையிருப்பதாக மறுமொழி அனுப்பியிருந்தார். சுட்டியது சரிதான். அவன் இப்பொழுது அதனைத் திருத்திக்கொண்டிருக்கின்றான்.