காசு போடும் பொத்தான்

கையடக்க ஆர்கேட் ஒன்றை வீட்டிலேயே செய்வது இன்று பெரிய வித்தை இல்லை. ராஸ்பெரி பை ஸீரோ 2015-இல் வெளிவந்தபோது அதன் விலை 5 அமெரிக்க டாலர்தான். கூடவே ஒரு சின்னத் திரை, பேட்டரி, சில பொத்தான்கள், மெமரி கார்டில் ரெட்ரோபை மென்பொருள். சிலிபினில் என் வீட்டு மேசையில் அக்கா மகனுக்காக ஒன்று செய்து முடித்தேன்.

சிக்கல் வயரிங்கில் இல்லை, ஒரு பொத்தானில். ஆர்கேட் விளையாட்டு பொதுவாகக் காசு விழாமல் தொடங்காது. ஆகவே இதில் 'செலக்ட்' பொத்தானை அழுத்தினால் காசு விழுந்ததாகக் கணக்கு. பையன் அதை இருபது தடவை அழுத்திவிட்டுக் கேட்டான்: "சும்மாதானே மாமா வருது, அப்புறம் எதுக்கு இந்தப் பட்டன்?"

நியாயமான கேள்வி. எங்கள் காலத்தில் அந்தக் காசுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். விடியுமுன் பால்மரம் வெட்டப் போன அம்மாவின் காசு அது. ஓர் உயிர் போனால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் படபடப்பைத்தான் இன்று 'அந்தக் காலத்து சுவாரசியம்' என்கிறோம். ஆனால் இயந்திரத்துக்கு நாம் சீக்கிரம் தோற்கணும். அப்போதுதான் அடுத்த காசு. 1980-இல் வந்த பேக்-மேனுக்கு முடிவே எழுதப்படவில்லை. 256-ஆம் கட்டத்தில் எண்ணிக்கை நிரம்பி வழிந்து பாதித் திரை குப்பையாகிவிடும். இல்லாமை தந்த படபடப்பை ஒழுக்கம் என்று புகழ எனக்கு மனமில்லை.

அதற்காக எல்லையே வேண்டாமா? பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் 'தி கிராஸ்ஹாப்பர்' நூலில் விளையாட்டை இப்படி விளக்கினார்: தேவையில்லாத தடைகளை விரும்பி ஏற்றுக் கடக்க முயல்வது. 'விரும்பி' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையில் காசில்லாததால் நின்றது வேறு, கை நிறைய இருந்தும் நிற்பது வேறு. முதலாவதில் என் முடிவு என்று எதுவுமே இல்லை.

'ஃப்ரீ பிளே' அமைப்புக்கு மாற்றியிருந்தால் அந்தப் பொத்தானே வேண்டியதில்லை. நான் மாற்றவில்லை. நாளைக்கு எத்தனை காசு என்று அவனையே சொல்லச் சொன்னேன். "மூணு" என்றான். நாலாவதை அழுத்தினால் கருவி தடுக்காது. நானும் எண்ணப் போவதில்லை.

இது வெறும் பிள்ளை விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் இன்று பல கைப்பேசி விளையாட்டுகள் இலவசமாக உள்ளே விட்டு, பிறகு உயிர்களை விற்கின்றன. அம்மாவின் வறுமை நமக்குப் போட்ட எல்லை போய்விட்டது, நல்லதுதான். அந்த இடத்தை நாம் நிரப்பாவிட்டால் வியாபாரி நிரப்புவான். எவ்வளவு போதும் என்பதை அவன் ஒருநாளும் சொல்லப் போவதில்லை.