பதினைந்து செவிலியர்

கனிந்து அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் அற்பப் பழ ஈயின் கருவகத்துக்குள்ளே, தானம் எது, தியாகம் எது என்று நம் முன்னோர் தர்க்கித்துத் தீராத ஒரு கேள்வி நாள்தோறும் ஓசையின்றி நடந்தேறுகிறது. அங்கே ஓர் ஆதி உயிரணு நான்கு முறை பிரிந்து 16 ஆகிறது. பிரிந்தும் முற்றப் பிரியாமல், சிறு வளைய வாயில்களால் ஒன்றோடொன்று இணைந்தே நிற்கும் இச்சகோதரிகளுள் ஒருத்தி மாத்திரமே முட்டையாகிறாள். எஞ்சிய 15 பேரும் செவிலியராகிறார்கள். பெயரிட்டவர்கள் மேனாட்டு விஞ்ஞானிகளே எனினும், தலைவியை வளர்த்து ஆளாக்கிவிட்டுத் தான் பின்னொதுங்கும் அகப்பாட்டுச் செவிலியை அறிந்த நமக்கு அப்பெயர் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

இச்செவிலியர் அதன்பின் பிரிவதேயில்லை. ஓர் அணு பிரிய வேண்டுமாயின், குரோமோசோம்களைச் சுருட்டிக் கட்டி, உற்பத்தித் தொழிலை நிறுத்தி, உள்ளமைப்பைக் கலைத்து மீண்டும் கட்ட வேண்டும். அதற்கு அவகாசமில்லாத இவர்கள், பாகப்பிரிவினை செய்யாமலே சொத்தைப் பெருக்கும் கூட்டுக் குடும்பத்தைப் போல, மரபுப் பொருளை மட்டும் திரும்பத் திரும்பப் படியெடுத்து, நூற்றுக்கணக்கான பிரதிகளை ஒரே உட்கருவில் அடக்கிப் பேருருவம் கொள்கிறார்கள். பன்மயம் என்பது இதன் பெயர். பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலும், நம் எலும்பு மஜ்ஜையில் இரத்தத் தட்டுகளை உதிர்க்கும் பேரணுக்களிலும், சுண்டெலியின் நஞ்சுக்கொடியிலும் இதே முறைமை உண்டு. பழ ஈயின் முட்டையோ தன் உட்கருவை ஏறக்குறைய மௌனத்தில் ஆழ்த்திவிட்டு, செவிலியர் ஆக்கி அனுப்புவதைப் பெற்று வளர்கிறது, இறுதியில் அவர்கள் தம் உள்ளடக்கத்தின் பெரும்பகுதியை அதனுள் கொட்டிவிட்டு மடிகிறார்கள்.

இதைத் தியாகம் என்னலாமா? பிரசங்கிகள் தயங்கமாட்டார்கள், நானும் முதலில் தயங்கவில்லை. ஆனால் அம்மரணத்தை அவர்கள் தாமாகத் தழுவுவதில்லை என்றும், சூழ்ந்து நிற்கும் உறையணுக்களே அமிலத்தைச் சுரந்து அவர்களைக் கரைக்கின்றன என்றும் அறிந்தபோது அச்சொல் என் வாயில் கசந்தது. தேகம் ஜடம், இச்சை ஆன்மாவுக்கே உரியது என்னும் சைவ சித்தாந்தியோ, இச்சையற்ற இடத்தில் தியாகமும் இல்லை, கொலையும் இல்லை என்று எளிதில் முடித்துவிடுவார். உயிரியலின் பக்கமிருந்து, வைஸ்மன் என்ற ஜெர்மானிய அறிஞர், 1892-இல் வெளியான தம் நூலில், மடியும் உடலையும் தொடரும் வித்தையும் வெவ்வேறாக வகுத்துக் காட்டினார். ஆயினும் இச்செவிலியர் வித்தின் வமிசத்தில் பிறந்தும் உடலின் கதியை அடைகிறார்களே! மேலும், கொடுப்பவருக்கும் கொள்பவளுக்கும் மரபுப் பொருள் ஒன்றேயாகையால், தானம் என்ற சொல்லுக்கு வேண்டிய இருவர் அங்கே இருக்கிறார்களா என்பதே எனக்கு ஐயமாயிருக்கிறது.

இவ்வளவு வாதத்துக்குப் பின்னும் என் மனம் ஒருத்தியிடமே சென்று நிற்கிறது. அப்பதினாறில் நான்கு வாயில்கள் வாய்ப்பது இருவருக்கு மட்டுமே. முட்டையாகும் தகுதியும் அவ்விருவருக்கே. இரண்டாமவளும் சிறிது காலம் அந்த ஆயத்தத்தில் இறங்கி, குரோமோசோம்களை இணை சேர்க்கத் தொடங்கியபின், யாதொரு குற்றமும் செய்யாமலே அதைக் கைவிட்டு, மற்றப் பதினால்வரோடு படியெடுக்கும் வேலைக்குத் திரும்பிவிடுகிறாள்.