நற்றாயும் செவிலியும்: தாய்மையின் நடுவுநிலை குறித்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தாயன்பை அறநூல்கள் அனைத்தும் போற்றுகின்றன. எனினும் அவ்வன்பு இயல்பாகவே தன் மக்கள்மேற் செல்வது. பிறர் மக்களை அடுத்த நிலையில் வைப்பது. நடுவுநிலையோ தமர், பிறர் என்னும் வேறுபாடு பாராதது. இரண்டும் அறமெனக் கொள்ளப்படும்போது, ஒருவரிடத்தே இவை ஒருங்கே நிற்க இயலுமா என்னும் வினா எழுகின்றது. மகாராட்டிர மாநிலம் புனே நகரில் வாழ்ந்து மறைந்த சிந்துதாய் சப்காளின் வாழ்வில் இவ்வினா ஏட்டளவில் நில்லாது, ஒரு குழந்தையின் எதிர்காலத்தை முடிவு செய்யும் வினாவாக எழுந்தது. அவ்வாழ்வைத் தமிழ் மரபின் தாய்மைக் கருத்துகளோடு வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிந்துதாயின் முடிவு

சிந்துதாய் 1948ஆம் ஆண்டு வார்தா மாவட்டத்தில் ஓர் எளிய குடும்பத்திற் பிறந்தவர். சிறுமிப் பருவத்திலேயே தம்மினும் மிக மூத்தவருக்கு மணம் செய்விக்கப்பெற்றார். சூல் முதிர்ந்திருந்த காலத்தில் கணவர் இல்லத்திலிருந்து துரத்தப்பட்டு, மாட்டுத் தொழுவத்தில் ஒரு பெண்மகவை ஈன்றார். தாய்வீடும் அவருக்குப் புகலளிக்கவில்லை. இரயில் நிலையங்களில் பாடி இரந்து உயிர் வாழ்ந்தபோது, தம்மைப் போலவே கைவிடப்பட்ட சிறாரைக் கண்டு, இரந்து பெற்றதை அவர்களோடு பகிர்ந்துண்டார். பின்னர்ப் புனேயை அடுத்த மாஞ்சரி உள்ளிட்ட இடங்களில் இல்லங்கள் அமைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதரவற்ற சிறாரை வளர்த்தார். 2010இல் அவர் வாழ்வு மராத்தித் திரைப்படமாயிற்று. 2021ஆம் ஆண்டிற்குரிய பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2022 சனவரி 4ஆம் நாள் புனேயில் மறைந்தார்.

இவ்வாழ்வில் ஆய்வுக்குரிய இடம் ஒன்று உண்டு. பிறர் மக்களை ஏற்கத் தொடங்கிய காலத்தில் தாம் பெற்ற மகளைப் புனேயிலுள்ள தக்டூசேட் அல்வாய் அறக்கட்டளையின் பொறுப்பில் ஒப்படைத்தார். மகள் உடனிருந்தால் தம் மனம் அவள்பால் சாயும். அச்சாய்வை மற்றக் குழந்தைகள் உணர்வர் என்பதே அவர் கூறிய காரணம். இதனைத் தியாகம் எனப் புகழ்வோர் பலர். ஆயின் தியாகம் என்பது தனக்குரியதைத் துறப்பது. இங்குத் துறக்கப்பட்டது தாயின் இன்பம் மட்டுமன்று. மகளுக்குரிய தாயும் ஆவாள். ஒருவர் பிறர் பங்கையும் சேர்த்துத் துறக்க உரிமையுடையவரா என்பது எளிதில் கடந்து செல்லக்கூடிய வினாவன்று.

நற்றாய், செவிலி, தோழி

தமிழ் அகமரபு தாய்மையை ஒருத்தியிடமே வைக்கவில்லை. ஈன்றவளை நற்றாய் என்றும், வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் பகுத்து, இருவரையும் தாயென்றே அழைத்தது. உடன்போக்கு மேற்கொண்ட தலைவியைத் தேடிப் பாலை வழியிற் செல்பவளும், தலைவியின் இல்லறம் கண்டு வந்து நற்றாய்க்கு உரைப்பவளும் செவிலியே. ஈன்றலோடு தாய்மை முற்றுப்பெறுவதில்லை. வளர்த்தல் என்னும் செயலால் எய்தத்தக்க நிலையும் அதற்குண்டு என்பது இதனாற் பெறப்படும்.

இம்மரபில் அதிகம் கவனிக்கப்பெறாத செய்தி ஒன்று உள்ளது. தோழி என்பவள் செவிலியின் மகள் எனத் தொல்காப்பியக் களவியல் வரையறுக்கின்றது. அஃதாவது, செவிலிக்குத் தான் பெற்ற மகள் ஒருத்தி உண்டு. அம்மகள் அதே மனையில், தன் தாயால் வளர்க்கப்படும் பிறள் மகளுக்குத் துணையாய் நிற்கின்றாள். செவிலியின் கண்ணீர் தலைவிக்காகவே பெருகுகின்றது. தன் தாயின் அன்பு மற்றொருத்தியைச் சுற்றியே இயங்குவதைக் கண்டு தோழி என்ன உணர்ந்தாள் என்பதை இலக்கியம் வினவவில்லை. சிந்துதாயின் வாழ்வை நோக்குவோரும் பெரும்பாலும் செவிலியையே கண்டு தோழியை மறந்துவிடுகின்றனர் எனலாம்.

மணிமேகலைக் காப்பியம் இதனை வேறொரு கோணத்தில் அணுகுகின்றது. மாதவி தான் ஈன்ற மணிமேகலையைக் கண்ணகியின் மகள் என்றே சுட்டுகின்றாள். ஈன்றாளால் கைவிடப்பட்ட ஆபுத்திரனை ஓர் ஆ பாலூட்டிக் காக்க, வழிச்சென்ற அந்தணன் எடுத்து வளர்க்கின்றான். பிறப்பின் உறவை மறுக்காமலே அதனினும் பரந்த உறவை நிறுவுவது சாத்தனாரின் நெறியாகும்.

அன்பும் அருளும்

அருளை அன்பு ஈன்ற குழவியாகவும், பொருளை அக்குழவியை வளர்க்கும் செவிலியாகவும் வள்ளுவர் பொருள்செயல்வகை அதிகாரத்தில் உருவகிக்கின்றார். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு என்றும், தொடர்பு கருதாது செல்வது அருள் என்றும், அன்பு முதிர்ந்தவிடத்தே அருள் தோன்றும் என்றும் பரிமேலழகர் விளக்குவார். இதன்படி அன்பும் அருளும் பகையல்ல. ஒன்று மற்றொன்றின் தாய். தன் குழவியை நேசித்தறியாதவர் பிறர் குழவியின் பசியை உணர்தல் அரிது.

உலகச் சிந்தனை வரலாற்றிலும் இவ்வழக்கு உண்டு. காவலர் வகுப்பின் குழந்தைகள் பெற்றோர் இன்னாரென அறியாது பொதுவில் வளரவேண்டும் எனப் பிளேட்டோ கருதினார். அவ்வாறாயின் அன்பு மிகுந்த நீரிற் கலந்த சிறிதளவு இனிப்பைப் போலச் சுவையற்றுப் போகும் என அரிஸ்டாட்டில் மறுத்தார். சீனத்தில் அனைவரிடத்தும் ஒத்த அன்பை மோசி வற்புறுத்த, அது தந்தையை மறுப்பதாகும் என மென்சியசு எதிர்த்தார்.

சிந்துதாயின் நிலை இவ்விரு கட்சிகளிலும் அடங்காது. அவர் தம் சார்பன்பை அழிக்க முயலவில்லை. அது அழியாது என்பதை ஒப்புக்கொண்டார். அழியாததை மறைத்து வைப்பதினும், அது பிறரைப் புண்படுத்தும் இடத்திலிருந்து விலக்கி வைப்பதே நேர்மை எனக் கருதினார். வேறு தாயில்லாத குழந்தைகளின் முன் ஒரு குழந்தைக்கு மட்டும் தாயாதல் அவர்தம் இன்மையை நாள்தோறும் நினைவூட்டும். அம்மகளுக்கோ காப்பும் கல்வியும் வேறிடத்தில் அமைந்திருந்தன. தேவையின் மிகுதி நோக்கிச் செய்யப்பெற்றது என்ற அளவில் இம்முடிவு நியாயமுடையது. எனினும் நியாயமான முடிவும் கடன்பாட்டை ஒழித்துவிடுவதில்லை. மகளுக்குரிய கடன் தீர்க்கப்படாமல் நின்றதென்றே கொள்ளவேண்டும். அம்மகள் பின்னாளில் தாயின் பணியில் இணைந்தமை அவருடைய பெருந்தன்மையைக் காட்டுமேயன்றிக் கடன் இல்லையென்று காட்டாது.

புனேயின் முன்னோடி

இந்நகரில் இச்சிந்தனை புதியதன்று. சோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1863இல் புனேயில் சிசுக்கொலைத் தடுப்பு இல்லத்தைத் தோற்றுவித்தனர். சூலுற்ற விதவையர் அங்கு அச்சமின்றி மகவீன்றனர். அந்தணர் குல விதவை ஒருவரின் மகனான யசுவந்தை அவ்விணையர் 1874இல் தத்தெடுத்தனர். அவர் மருத்துவரானார். 1897இல் புனேயைக் கொள்ளைநோய் தாக்கியபோது சாவித்திரிபாய் மகனோடு சேர்ந்து நோயாளரைப் பேணினார்; நோயுற்ற ஒரு சிறுவனைச் சுமந்து வந்தபோது நோய் தொற்றி மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். தாம் ஈனாத மகனோடு, அவனும் தாமும் அறியாத பிறர் மக்களுக்காக உழைத்து மடிந்த இவரிடத்தில் குடும்பம் அருளுக்குத் தடையாகவன்றி வாயிலாக அமைந்தது.

தாய்மைப் புகழும் சமூகப் பொறுப்பும்

இங்கு மற்றோர் உண்மையும் நோக்கத்தக்கது. சிந்துதாயைத் துரத்தியதும் குடும்பமே; புகல் மறுத்ததும் குடும்பமே. எனவே குடும்பம் தன்னளவிலேயே அறமாகாது. அதனுள் நிகழும் பேணுதலே அறமாகும். சட்டமும் நெடுங்காலம் பெண்ணின் தாய்மையைக் கணவன் வழியாகவே கண்டது. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தின்படி, கணவன் உயிரோடிருக்கச் சில விலக்குகள் தவிர மனைவி தன் பெயரில் தத்தெடுக்க இயலாது. 2010ஆம் ஆண்டுத் திருத்தமே கணவன் இசைவோடு அவ்வுரிமையை அவளுக்கு வழங்கியது. ஆதரவற்ற குழந்தையை நிறுவனத்திற் சேர்ப்பது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கொள்கை.

ஒரு தாய் ஆயிரம் குழந்தைகளைத் தாங்கினாள் எனப் புகழும் சமூகம், அவர்களை அவளிடம் விட்டவர் யார் எனவும் வினவவேண்டும். பலர் பகிரவேண்டிய சுமையை ஒருத்தி சுமந்ததனாலேயே அவள் தன் மகளைப் பிரிய நேர்ந்தது. பல குடும்பங்கள் ஒவ்வொரு குழந்தையை ஏற்றிருப்பின், எந்தத் தாயும் அத்தகைய தெரிவின் முன் நிறுத்தப்பட்டிருக்கமாட்டாள்.

முடிவுரை

தாயன்பின் சார்பும் அறத்தின் நடுவுநிலையும் முரண்படும் இடம் உண்மையாகவே உண்டு. அம்முரணைச் சிந்துதாய் நேர்மையோடு எதிர்கொண்டார். அதன் விலையில் ஒரு பகுதியை அவர் மகள் செலுத்தினார். அன்பு அருளாக முதிர்தல் வேண்டும் என்பது தமிழ் அறமரபின் துணிபு. அம்முதிர்ச்சி ஒருத்தியின் தனித்த தியாகமாக நில்லாது சமூகத்தின் பொதுக்கடனாக அமையும்போதுதான், செவிலி தன் மகளுக்கும் தாயாக இருத்தல் கூடும்.